நேற்று இல்லாத மரம்

போன வருஷம் பொங்கலுக்கு அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். சென்னையில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "மரம் வரைஞ்சிக்கிட்டு இருக்கான்" என்பாள் அக்கா. தப்பில்லை. சினிமாவுக்காகக் கம்ப்யூட்டரில் காடு வளர்க்கிறான்.

காலையிலேயே வந்து, "மாமா, பைக்கை எடுங்க. குதிரைமொழித் தேரிக்குப் போயிட்டு வருவோம்" என்றான்.

திருச்செந்தூர் பக்கம் போயிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். ஊடே பனை, உடைமரம், முந்திரி. பையன் இயற்கையை ரசிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனோ ஒரே ஒரு உடைமரத்தின் பட்டையை, மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று நாற்பது போட்டோ எடுத்தான். அப்புறம் பூச்சி அரித்த இலை. ஒடிந்த முள். கறையான் புற்று.

"எலே, நல்ல இலையாப் பார்த்து எடு" என்றேன்.

"நல்ல இலையைக் கம்ப்யூட்டரே போட்டுத் தரும் மாமா. கெட்டுப்போன இலைதான் கிடைக்காது."

அவன் விளக்கியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். 1968-ல் லிண்டன்மேயர் என்ற ஹங்கேரிய உயிரியலாளர், பாசி போன்றவை எப்படி வளர்கின்றன என்பதைச் சின்னச் சின்ன விதிகளாக எழுதினார். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும். அந்த விதியைக் கம்ப்யூட்டர்காரர்கள் பிடித்துக்கொண்டு மரம் வளர்க்க ஆரம்பித்தார்கள். பின்னாளில் பிக்ஸார் ஆன குழு, 1984-ல் ஒரு குட்டிப் படத்துக்காக வேறு வழியில், புள்ளி புள்ளியாகத் தூவியே ஒரு காட்டை உண்டாக்கியது. ஆனால் விதிப்படி மட்டும் வளர்ந்த மரங்கள், ஒரே யூனிபாரத்தில் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கும். காடு காடாகத் தெரிய அழுக்கு வேண்டும், கோணல் வேண்டும், சாவு வேண்டும். 2016-ல் வந்த 'ஜங்கிள் புக்' படத்தின் காடு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஸ்டுடியோவில் எடுத்தது. பையன் நிஜம், பாக்கி அநேகமாக எல்லாமே கம்ப்யூட்டர். அதற்கும் மாதிரிக்கு இந்தியக் காடுகளை ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்துப் போனார்கள்.

நான் இந்தப் பொய்க்கு விரோதி இல்லை. ஒரு காலத்தில் நம் படங்களில் நிஜ யானையும் நிஜப் புலியும் நடித்தன. அந்தப் புலியிடம் கால்ஷீட் கேட்டது யார்? கம்ப்யூட்டர் புலிக்குக் கூண்டு வேண்டாம், சவுக்கு வேண்டாம். பொய்யால் ஒரு ஜீவன் பிழைக்கிறதென்றால் பொய்யே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனாலும் தூத்துக்குடிக்காரனுக்கு அசலா நகலா என்ற பேச்சு வந்தால் முத்து ஞாபகம் வராமல் இருக்காது. இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் பக்கத்து வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி, சிப்பிக்குள் ஒரு மணியை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார். கண்ணால் பார்த்து இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பிரிப்பது கஷ்டம். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! அதே மினுக்கு, அதே எடை, எதற்கு இந்த விலை? பி.காம். படித்த மூளைக்கு இது ரொம்ப நாள் உறுத்தல். வாங்குகிறவன் முத்துக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை, அதற்கு நடந்த கதைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது.

வளர்ப்பு முத்துக்காவது ஒரு கதை உண்டு. சிப்பி பட்ட பாடு நிஜம். மருமகனின் காட்டில் உதிர்ந்து கிடக்கும் சருகு ஒருநாளும் பச்சையாக இருந்ததில்லை. அந்த ஓட்டையை எந்தப் பூச்சியும் தின்னவில்லை. சொத்தே வாங்காமல் தேய்மானம் மட்டும் எழுதிய கணக்கு!

படம் பார்க்கிறவனுக்கு அதனால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். பிப்ரவரியில் அவன் போன் செய்தான்.

"தேரியைத் தூக்கிட்டாங்க மாமா. பார்த்தா காடு மாதிரியே இல்லைன்னுட்டாங்க. உடைமரப் பட்டை மட்டும் தப்பிச்சுது. அதை ஒரு பெரிய மரத்துல ஒட்டியிருக்கேன்."

எங்கள் மாவட்டத்தில் வானம் பார்த்த நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். "காட்டுக்குப் போயிருக்காக" என்றால் பருத்திக்கோ உளுந்துக்கோ போயிருக்கிறார் என்று அர்த்தம். இப்போது காடு என்றால் பனிமூட்டம் வேண்டும், அருவி வேண்டும், நாலு ஆள் கட்டிப்பிடிக்கிற மரம் வேண்டும். நகலைப் பார்த்துப் பழகிய கண், அசலுக்கு மார்க் போடுகிறது. தேரி ஃபெயில். தேரி மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் இருக்கின்றன. காடாகவே கண்ணில் படாத இடத்தை நாளைக்கு எவனாவது தோண்டினால் யார் வந்து மறிப்பார்கள்?

கடலுக்குள்ளே இது ஏற்கெனவே நடந்த கதை. பவளப்பாறை உயிருள்ளது. நாம் அதற்கு வைத்த பெயர் முருகைக்கல். பார்க்கக் கல்லாக இருந்தது. கல்லைப் போலவே வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் கொண்டு போனோம். அலையைத் தடுக்கப் பாறை இல்லாததால் தீவுகள் கரைந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு முழுகிவிட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014-ல் சுமார் 2. பிறகு ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்த, ஓட்டை போட்ட கான்கிரீட் கட்டிகளை அந்தத் தீவைச் சுற்றி இறக்கினார்கள். செயற்கைப் பாறைதான், சுத்த நகல். கண்ணுக்கு அழகும் கிடையாது. ஆனால் மீன் வந்தது, பவளம் ஒட்டியது. மருமகனின் மரத்தில் ஒரு காக்கா உட்கார முடியாது.

இதை அவனிடமே சொன்னேன். "அதுக்கு நான் என்ன மாமா செய்ய, எனக்கு டெட்லைன் இருக்கே" என்றான்.

படம் வந்தது. பாளையங்கோட்டை ரோட்டிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹீரோ ஓடுகிறார், பின்னால் அந்தப் பெரிய மரம். எங்கள் உடைமரப் பட்டை மூன்று விநாடி தெரிந்தது. நான் ஒருத்தன்தான் கை தட்டினேன்.

"இது எந்த ஊருப்பா? நாம போலாமா?" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப் போகிறேன் என்றேன். ரெண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னேன். தேரியில் நிழல் கம்மி.