வாக்கும் துறவும்

அதிகார வட்டத்துக்கு வெளியே நின்று சமத்துவம் பேசும் ஒருவர் நாட்டின் தலைமைப் பதவிக்கான தேர்தலில் வெல்ல முடியுமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் கணக்குக் கேள்விதான்; எத்தனை கட்சி, எத்தனை வாக்கு என்று கூட்டிக் கழித்து விடை சொல்லிவிடலாம். ஆனால் வெளியே நிற்பதுதான் ஒருவருடைய பெருமை என்றால், உள்ளே நுழைவதற்கு அவர் எதை விட வேண்டியிருக்கிறது, விட்ட பின் மிஞ்சுவது என்ன என்று கேட்டவுடனே அது அறக்கேள்வியாகிவிடுகிறது. துறவு என்ற சொல்லைச் சமயமும் சட்டமும் அரசியலும் தனித்தனிப் பொருளில் பயன்படுத்திப் பார்த்த ஊர் காரைக்கால் என்பதால், இந்தக் கேள்வியை அங்கிருந்து தொடங்குவது பொருந்தும்.

முதற்பொருள் காரைக்கால் அம்மையாருடையது. வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதி, இறையருளால் அவர் மாங்கனி பெற்ற நிகழ்வைக் கண்டு அஞ்சிய கணவன் தம்மைத் தெய்வமென்று வணங்கி விலகியபோது, அவனுக்காகச் சுமந்திருந்த அழகினை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இல்லறத்துக்கு வெளியே, ஊருக்கு வெளியே, அழகு என்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கும் வெளியே போன அவர், திருவாலங்காட்டில் ஆடும் இறைவனின் அடிக்கீழ் இடம் கேட்டார். ஆனி முழுநிலவில் மாங்கனித் திருவிழா எடுத்துக் கூரைமீதிருந்து கனிகளை வாரி இறைக்கும் ஊரார், தங்களை விட்டுப் போனவரையே தங்கள் ஊரின் பெயரால் அழைக்கிறார்கள். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்மையாரின் பெருமைக்கு ஊராரின் ஒப்புதல் தேவைப்படவில்லை. அவரை அறிய ஒரே சாட்சி போதும். வேட்பாளருக்கோ முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோரின் சம்மதம் வேண்டும். அருளாளருக்கு உரிய அளவுகோலை அரசியல்வாதிக்கு வைத்து, அதில் குறைந்தவுடன் அவரைப் போலி என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அது பக்தியின் எச்சமே ஒழிய அரசியல் அறிவு அன்று.

இரண்டாம் பொருள் சட்டத்துடையது. காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியாவில் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, சாதி, சமய மரபு சார்ந்த தனிநபர் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள விரும்பிய இந்தியர் அவ்வாறு செய்ய முடிந்தது. அப்படிச் செய்தவர்களுக்கு ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தவர், என்று பெயர். காலணியோடு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காகப் பிரான்சின் உச்ச வழக்கு மன்றம் வரை போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவர்களுக்கு முன்னோடி. அவர் பூண்ட குடும்பப் பெயர் ‘லாப்போர்த்’, பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அம்மையார் வெளியேறத் துறந்தார். இவர்கள் உள்ளே நுழையத் துறந்தார்கள். ஆனால் 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாக்கப்பட்டு, ஐரோப்பியருக்கு ஒன்று, மரபைத் துறவாத இந்தியருக்கு ஒன்று, துறந்தோருக்கு ஒன்று என்று வகுக்கப்பட்டபோது, எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கும் கதவு பாதிதான் திறந்தது. வெளியாள் எவ்வளவு விட்டால் உள்ளாள் ஆவார் என்பதைத் தீர்மானிப்பவர் உள்ளே இருப்பவரே என்ற பாடம் அதில் இருக்கிறது.

மூன்றாம் பொருள் வாக்குச்சாவடியுடையது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்று ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே, அக்டோபர் 28இல், குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பிரான்சு பொதுவாக்கெடுப்பில் ஏற்றது. ஆகவே ‘சொல்தா’ என்று வட்டார வழக்கு அழைக்கும் பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பத்தார் உட்படக் காரைக்காலின் பிரெஞ்சுக் குடிமக்கள், தொலைதூர நாடொன்றின் தலைவரைத் தங்கள் ஊரிலேயே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். முதற்சுற்றில் எவருக்கும் செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால், முதலிரு இடங்களைப் பெற்றவர் மட்டும் இரு வாரம் கழித்து மோதுவர். முதற்சுற்றில் நிற்பதற்கே மேயர் முதலிய மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையொப்பம் வேண்டும். வெளியாள் என்று சொல்லிக்கொள்பவரும் உள்ளே இருப்பவர்களின் கையெழுத்தோடுதான் களம் இறங்க முடியும்.

இம்முறை வாக்காளரிடம் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கிறது: முதலில் ‘யாரை விரும்புகிறாய்’, பிறகு ‘யாரைப் பொறுத்துக்கொள்ள மாட்டாய்’. முற்போக்கு வெளியாள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் சிக்குகிறார். 2022 ஏப்ரல் 10இல் இடதுசாரியான மெலான்ஷோன் 21.95 விழுக்காடு பெற்றும், தீவிர வலதுசாரியான லெ பென்னைவிட 4,21,308 வாக்குகள் குறைந்ததால் இரண்டாம் சுற்றுக்குள் நுழையவில்லை. அதே சுற்றில் பொதுவுடைமைக் கட்சியின் ரூசெல் பெற்றவை எட்டு இலட்சத்துக்கும் அதிகம். (முன்னாள் அமைச்சரும் செனட் உறுப்பினருமான மெலான்ஷோனை வெளியாள் என்பதே ஓரளவு சலுகைதான்.) ரூசெலுக்கு வாக்களித்தவர் தவறு செய்தாரா? 1919இல் மூனிக்கில் ஆற்றிய உரையில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், விளைவு எதுவாயினும் கொள்கை வழுவாமையைக் கொள்கை அறம் என்றும், முன்கூட்டி அறியக்கூடிய விளைவுக்குத் தானே பொறுப்பேற்பதைப் பொறுப்பு அறம் என்றும் பிரித்தார். பயன் கருதாத செயலைப் போற்றும் கீதையை முதலாவதற்குத் துணையாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. கீதை விடச் சொல்வது செயலின் பயன் தனக்கு வேண்டும் என்ற பற்றினை. பிறருக்கு நேரும் விளைவை எண்ணிப்பாராத அலட்சியத்தை அது எங்கும் அறமாக்கவில்லை. தோற்பவருக்கு வாக்களிப்பது தவறன்று. ஆனால் ‘என் மனசாட்சி தூய்மையாக இருக்கிறது’ என்ற நிறைவுக்காக மட்டும் வாக்களித்தால், அந்த நிறைவும் ஒரு பற்றே.

அப்படியானால் வெளியாள் வெல்வதே இல்லையா என்றால், பாக் நீரிணைக்கு அப்பால் விடை இருக்கிறது. இலங்கையில் 2019இல் 3.16 விழுக்காடு பெற்ற அனுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பர் 21 தேர்தலில் 56,34,915 வாக்குகளோடு, அதாவது 42.31 விழுக்காட்டோடு, முதலிடம் வந்து ஜனாதிபதியானார். அங்கே இரண்டாம் சுற்றுக்குப் பதிலாக, வாக்காளர் ஒரே சீட்டில் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் குறிக்கலாம். பாதியை எவரும் தாண்டாதபோது முதலிருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் அவ்விருவருக்குக் கிடைத்த விருப்பங்கள் எண்ணப்படும். அவ்வாறு எண்ணியபோது திசாநாயக்கவுக்கு 1,05,264 கூடியது. இரண்டாமிடம் வந்த சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867 கூடியது. இரண்டாம் விருப்பத்தில் வெளியாள் தோற்றார் என்பதே இதன் பொருள். பழைய அணியினர் இரண்டாகப் பிரிந்து நின்றதும், 2022இன் பொருளாதாரச் சரிவு அவர்கள்மேல் இருந்த நம்பிக்கையைத் தின்றுவிட்டதும், வேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்தோரில் மிகப் பலர் இரண்டாம் விருப்பத்தைக் குறிக்காமலே விட்டதும் சேர்ந்து அவரை உயர்த்தின. வெளியாளின் தூய்மை அவருக்கு வென்று தருவதில்லை. உள்ளே இருப்போரின் வீழ்ச்சி வென்று தருகிறது. அவர் செய்யக்கூடியது, அந்நாள் வரும்வரை களத்தை விட்டுப் போகாமல் இருப்பதே.

யாருக்கு வெளியாள் என்பதையும் கேட்டாக வேண்டும். அதே தேர்தலில் யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய தேர்தல் மாவட்டங்களில் முந்தியவர் பிரேமதாச. வடக்கையும் கிழக்கையும் இணைத்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்காடி 2006இல் அதைச் செல்லாததாக்கிய கட்சியின் தலைவரான திசாநாயக்கவை, கொழும்புக்கு வெளியாள் என்று தெற்கு கொண்டாடியபோது, தமிழர் பலர் கொழும்பின் இன்னொரு முகமாகவே கண்டனர்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் காரைக்காலுக்குப் பங்குண்டு. அதன் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளின் உறுப்பினர்கள் புதுச்சேரிப் பேரவையினராக அதில் வாக்களிக்கின்றனர். 2002இல் இடதுசாரிகள் நிறுத்திய, நேதாஜியின் படையில் ஜான்சிராணிப் பிரிவை நடத்திய மருத்துவர் இலட்சுமி சேகல் 1,07,366 வாக்கு மதிப்பே பெற, அப்துல் கலாம் 9,22,884 பெற்றார். கலாமும் கட்சி அரசியலுக்கு வெளியாள்தான். உள்ளே இருப்போர் தாமே தேர்ந்தெடுத்த வெளியாள். நீண்ட பொதுவாழ்வு கொண்ட சேகல் தோற்றதில் அவருடைய வாழ்வுக்கு இழிவு ஏதுமில்லை.

விடுவது என்ற சுமை இறுதியில் வேட்பாளரைவிட வாக்காளர்மீதே அதிகம் விழுகிறது. பிரெஞ்சுத் தேர்தலில் தாம் விரும்பியவர் முதற்சுற்றிலேயே விழுந்த பின், பிடிக்காத இருவரில் ஒருவரின் சீட்டை உறைக்குள் இடுவது சிறிய துறவன்று. அதற்கு உடன்படாதவர் வெற்று உறையையோ வெள்ளைத் தாளையோ பெட்டியில் இடலாம்; 2022இன் இரண்டாம் சுற்றில் அப்படிச் செய்தோர் இருபது இலட்சத்துக்கும் மேல். 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரான்சில் அவ்வெற்று வாக்குகளைத் தனியே எண்ணி எழுதுகிறார்கள். செல்லத்தக்க வாக்குகளின் கணக்கில் அவை சேர்வதில்லை.