மணலில் கால் வைக்காதே



சமய வகுப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, கேம்ஸ்ல பூச்சிகளைச் சுட்டுத் தள்ளுறோமே, அதுவும் பாவமா? அதுக்குத்தான் உயிரே இல்லையே!"

2004-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் கடற்கரை மணலுக்கு அடியில் 'ஆண்ட்லயன்' என்ற வேற்றுலகப் பூச்சிகள் இருக்கும். காலடி அதிர்வு பட்டதும் மண்ணைப் பிளந்து, இறக்கையடித்துப் பாய்ந்து தாக்கும். பெயர் நமக்குப் புதிதல்ல. மணலில் குழி பறித்துக் காத்திருக்கும் குழியானைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

திரையில் எந்த உயிரும் போவதில்லை. ஆகவே அது கொலை ஆகாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் சமயம் உடலின் செயலை மட்டும் பார்ப்பதில்லை, மனத்தையும் பார்க்கிறது. "எத்தனை செத்தது?" என்பதல்ல கேள்வி. "என் மனசு எதுக்குப் பழகுது?" என்பதே கேள்வி.

அந்த விளையாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 2007-இல் 'தி ஆரஞ்ச் பாக்ஸ்' தொகுப்பாக வந்தபோது, மணலைத் தொடாமல் அந்தக் கடற்கரையைக் கடந்தால் ஒரு சாதனைப் பட்டம் கிடைத்தது. பாறை மேல் ஏறி, பலகை போட்டுப் பொறுமையாகப் போகணும். அப்படிப் போகிறவனுக்கு ஒன்று புரியும்: பூச்சி நம்மைத் தேடி வரவில்லை, நாம்தான் அதன் இடத்தை மிதித்தோம்.

இன்னொரு கட்டம் இதைவிட யோசிக்க வைக்கும். பெரிய காவல் பூச்சியைக் கொன்றதும், அதன் உடலிலிருந்து எடுத்த மண உருண்டை நம் கைக்கு வரும். அதை எங்கே வீசினாலும் பூச்சிகள் அங்கே ஓடும். நோவா பிராஸ்பெக்ட் சிறையில் நமக்காகச் சண்டை போட்டுக் குவியலாகச் சாகும். எதிரியாக இருந்தபோது உயிர்ப்பயத்தில் சுட்டோம். சொன்ன பேச்சைக் கேட்கும்போது, செத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். நமக்கு அடங்கியவர்களை அலட்சியமாகச் செலவழிக்கும் பழக்கம் வேலையிடத்திலும் வரும், வீட்டிலும் வரும்.

"அப்போ கொசுவையும் அடிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். டிங்கி காய்ச்சலிலிருந்து பிள்ளைகளைக் காப்பது தர்மம்; தேவையென்றால் புகை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முந்திய கடமை, பூச்சட்டித் தட்டிலும் சாமி மேடைச் சொம்பிலும் தண்ணி தேங்க விடாமல் இருப்பது. ஏடிஸ் முட்டையிட இடம் கொடுத்துவிட்டு, பிறகு கொல்வதை வீரம் என்று சொல்ல முடியாது. பெட்டாலிங் ஜெயாவின் மெந்தாரி கோர்ட் அடுக்குமாடியில் வேறொரு வழியையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் உள்ள ஏடிஸ் கொசுக்களை அங்கே பறக்கவிட்டார்கள். அந்த நுண்ணுயிர் இருந்தால் கொசு உயிரோடு இருக்கும், டிங்கியைப் பரப்பும் சக்தி குறையும். இப்படிச் சோதித்த இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் ஆய்வு வெளியானது.

கொல்லாமை என்பது கையாலாகாத்தனம் அல்ல. மிதிக்காமல் போக வழி இருக்கிறதா என்று முதலில் தேடும் அறிவு அது. தாராளமாக விளையாடுங்கள். துப்பாக்கியைத் தூக்குமுன் காலடியை ஒருமுறை பாருங்கள்.