பாறையில் ஒட்டிய முட்டைகள்

அறியாமற் செய்த கொலையும் கொலையாகுமோ? கங்காதர நெல்லூரில் கல்லுடைக்கும் உபாசகர் ஒருவர் நம்மிடம் கேட்டார். தாம் பிளந்த பாறையில் வெண்முட்டைகள் ஒட்டியிருக்கக் கண்டாராம். எப்பல்லியின் முட்டை என அவர் அறியார்.

சேஷாசலம் முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. தெலுங்கர் அதனைப் பங்காரு பல்லி என்பர். 1870இல் பெட்டோம் என்னும் ஆங்கிலேயர் அதனை நூலுலகுக்கு அறிவித்தார். இன்று வனவிலங்குச் சட்டம் அதனைக் காக்கிறது. பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் முட்டைகளை ஒட்டி வைப்பதுண்டு. வெடிச் சத்தம் கேட்டுத் தாய் ஓடலாம். முட்டை எங்ஙனம் ஓடும்?

உயிரென்று அறிதலும் கொல்லும் எண்ணமும் இல்லாவிடில் முதற்சீலம் முறியாது என்பது நம் நெறி. ஆகவே அன்று அவர்மீது குற்றமில்லை. கண்டபின் மறுநாள் உளியெடுப்பதோ வேறு செயல்.

“கூலியை விட்டால் அடுப்பெரியாதே, ஐயா” என்றார். முப்பதாண்டு ஆலையில் உழைத்த நாம் அதற்கு உபதேசம் சொல்லத் துணியவில்லை.

பிக்கு நிலத்தைத் தோண்டுவதை மட்டுமன்றித் தோண்டுவிப்பதையும் விநயம் தடுக்கிறது. இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லை. எனினும் இங்கே தோண்டுவிப்பவர் யாவர்? சபை மண்டபத்தின் தளத்திற்குக் கருங்கல் வேண்டுமென எழுதியவர் நாமே. எம்மலைக் கல் என்று வினவவில்லை.

எம்மலை என்று தெரியும்வரை கல் வேண்டாமென மறுபடி எழுதினோம். வெடி வைக்குமுன் இடுக்குகளில் விளக்கடித்துப் பார்த்து, முட்டையிருப்பின் மேஸ்திரியிடமும் வனத்துறையாரிடமும் சொல்லுமாறு உபாசகரைக் கேட்டுக்கொண்டோம். மண்டபம் இப்போதும் மண்தரையாகவே இருக்கிறது.