மாப்பொருள் துறவு

பருத்த உடல் ஒழுக்கக் குறைவின் அடையாளம் என்னும் எண்ணம் நெடுநாளாக நிலவி வருகிறது. நாவை அடக்காதவன் பெருக்கிறான், அடக்கியவன் மெலிகிறான் என்பது அதன் தருக்கம். 1863 இல் இலண்டன் வாசியான வில்லியம் பாண்டிங், பாண், சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கித் தாம் மெலிந்த வரலாற்றைச் சிறுநூலாக வெளியிட்டார். 1972 இல் அமெரிக்க மருத்துவர் அற்கின்ஸ் அத்தகைய நெறியையே பெருவழக்காக்கினார். விலக்கியதன் இடத்தை நிரப்ப இவர்களிடம் இறைச்சியும் மீனும் இருந்தன. இது சிறு செய்தியன்று.

உடலின் கணக்கு ஒழுக்கத்தின் கணக்கன்று. சோறும் ரொட்டியும் செரித்துக் குளுக்கோசாகின்றன. ஈரலும் தசையும் அதனைக் கிளைக்கோசனாகச் சேமிக்கும். அக்களஞ்சியம் சில நூறு கிராமே கொள்ளும். மாப்பொருளை உண்டதும் சதையி சுரக்கும் இன்சுலின், கொழுப்பிழையத்தில் உள்ள கொழுப்பு வெளிவராது தடுக்கிறது. உடல் மாப்பொருளை முதலில் எரித்து, உடன் உண்ட கொழுப்பைப் பத்திரப்படுத்துகிறது. ஒரு கிராம் மாப்பொருள் தருவது 4 கலோரி. கொழுப்போ 9 கலோரி. பஞ்சத்துக்கென ஒதுக்கி வைக்கத்தக்க பண்டம் கொழுப்பே. எனினும், எல்லாப் பழியையும் இன்சுலின்மேற் சுமத்துவோர் கூற்று மிகையாகும். 609 பேரைக் கொண்டு ஸ்டான்போர்டில் ஓராண்டு நடத்தப்பெற்று 2018 இல் வெளிவந்த ஆய்வில், மாப்பொருளைக் குறைத்தோருக்கும் கொழுப்பைக் குறைத்தோருக்கும் இடையே எடையிழப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இனி, பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களை நோக்குவோம். லயத்து அடுப்பில் வேகும் கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனியிட்ட தேநீர்: கொழுந்து பறிப்பவளின் உணவு பெரும்பாலும் இதுவே. இது சுவையின் தேர்வன்று. தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்த காலத்திலிருந்தே மாப்பொருள் அவர்கள்மேல் விதிக்கப்பட்டது. 1973-74 இல் அரிசியும் மாவும் அரிதானபோது தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. அவ்வாண்டுகளில் அங்குப் பிறந்தோர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். கருவில் ஊட்டம் குறைந்த உடல், பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகக்கூடும் என்னும் கருதுகோளை 1992 இல் ஹேல்ஸ், பார்க்கர் என்போர் முன்வைத்தனர். அவ்வாறாயின், வயிற்றில் திரளும் கொழுப்பு பேராசையின் சுவடன்று. பசியின் நினைவு எனலாம்.

உடைமை இல்லாதவிடத்துத் துறவு என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. சோற்றை ஒதுக்கி மீனுண்பவன் துறந்தவனாகிறான். ரொட்டியை ஒதுக்கியபின் தட்டில் எதுவுமற்றிருப்பவள் பட்டினி கிடக்கிறாள். வெலிமடைச் சரிவுகளில் விளையும் மரக்கறி கொழும்புச் சந்தைக்கு இறங்கிப் போவதை அவள் நாள்தோறும் காண்கிறாள்.

இதனால் உண்பவருக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடுமா? அதுவும் பொருந்தாது. தேநீரிற் சீனியைக் குறைக்க அவளால் இயலும். குறைத்தால் நீரிழிவாளரின் குருதிக்கு நன்மையுமுண்டு. சூழலே அனைத்தும் என்பவர், இரக்கத்தின் பெயரால் அவளை அறிவற்றவளாக்குகிறார். ஆனால், குறைக்கச் சொல்லும் மருத்துவர் மறுபாதியையும் கேட்டாக வேண்டும்: ரொட்டிக்கு ஈடாக வைக்கவேண்டிய பருப்புக்கும் முட்டைக்கும் விலை கொடுப்பவர் யார்? அவ்வினா நோயாளியிடம் மட்டும் கேட்கத்தக்கதன்று. சம்பளம் பேசும் மேசைக்கும் உரியது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலையே பன்மடங்காயிற்று.