மூன்றாவது துளை

வீடு கட்டுவோர் கண்ணுக்குத் தெரிவனவற்றுக்கு மனமுவந்து செலவு செய்கின்றனர். தரைக்குப் பளிங்கு, வாசலுக்குத் தேக்கு, சுவருக்கு இருமுறை வண்ணம். பூச்சுக்குள் புதைந்துபோகும் மின்கம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் கை சட்டென இறுகிவிடுகிறது. வீடு மந்திரிக்கச் சென்ற இடங்களில் எல்லாம் நாம் கண்ட உண்மை இது.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த எலெக்ட்ரீசியன் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்தமர்ந்தார். பதினாறு வயதில் சுவரைக் கொத்திப் பைப் பதிக்கும் எடுபிடியாகத் தொழிலில் நுழைந்து, பின்னர் அரசின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வில் தேறியவர். அவர் சொன்னது பாவசங்கீர்த்தனத்தில் அன்று. அவ்வாறாயின் ஒரு சொல்லும் எழுத நமக்கு உரிமை இராது. "எழுதுங்க சாமி, என் பேரு மட்டும் வேண்டாம்" என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறோம்.

2011ஆம் ஆண்டில் அவர் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்தார். வேலை பாதியில் இருக்கையில் வீட்டுக்காரருக்குப் பணம் முடைப்பட்டது. எர்த் குழியும் வேண்டாம், வீடு முழுவதும் ஓடவேண்டிய பச்சைக் கம்பியும் வேண்டாம் என்றார். இவர் தயங்கினார். "உன்னால் முடியாதென்றால் செய்ய ஆள் இருக்கிறது" என்ற விடை வந்தது. அப்போது அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு மாதம்.

ஈண்டு வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. பிளக் செருகும் இடத்தில் மூன்று துளைகள் உள்ளன. கீழுள்ள இரண்டில் ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். 230 வோல்ட் மின்சாரம் ஒன்றின் வழி வந்து மற்றதன் வழி திரும்புகிறது. மேலே சற்றுப் பெரிதாய் இருக்கும் மூன்றாவது துளைக்குச் சாதாரண நாளில் வேலையே கிடையாது. அதிலிருந்து புறப்படும் பச்சைக் கம்பி, கரியும் உப்பும் இட்டு நிரப்பிய குழியில் நிறுத்திய இரும்புக் குழாய்வரை செல்ல வேண்டும். கிரைண்டரின் உள்ளே காப்பு தேய்ந்து அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறினால், அது தொடுபவரின் கையை நாடாமல் மண்ணுக்குச் செல்ல அமைத்த வழி அது. ஆர்.சி.சி.பி. என்னும் காவல் கருவியும் உடனிருந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். ஆனால் எர்த் இல்லாவிட்டாலும் கிரைண்டர் மாவரைக்கும், பிரிட்ஜ் குளிரூட்டும். குறை எங்கும் தெரியாது.

நம் நண்பர் துளையை வெறுமனே விட்டிருந்தாலாவது பின்னால் வந்த ஒருவர் கண்டுபிடித்திருக்கக்கூடும். அவர் செய்தது வேறு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விரலளவு துண்டுக் கம்பியால் மூன்றாவது துளையை நியூட்ரலோடு இணைத்துவிட்டார். சோதனை பல்பை பேசுக்கும் மூன்றாவது துளைக்கும் இடையே வைத்துப் பார்த்தால் பளிச்சென எரியும். வீட்டுக்காரரின் மைத்துனர் அவ்வாறே பார்த்துத் திருப்தியடைந்தாராம்.

எங்கேனும் நியூட்ரல் அறுந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் உடலெங்கும் அந்தத் துண்டுக் கம்பியே மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். தெருக் கம்பத்தில் வேலை பார்ப்பவர் இரு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்துவிட்டாலும் அதே கதிதான். காக்க வேண்டிய துளையே கொல்லும் துளையாகிவிடும்.

பின்னர் அவ்வீடு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் சமையலறைக்கு விளக்கு ஒன்று கூடுதலாக வேண்டுமென்று, ஏதும் அறியாமல், இவரையே அழைத்தார்கள். வேலையை முடித்துத் திரும்பும்போது, ஈரக் காலோடு ஒரு சிறுமி பிரிட்ஜின் கதவைத் திறந்ததைப் பார்த்தாராம். "அன்னையிலிருந்து தூக்கம் இல்ல சாமி. சொன்னா என் தொழில் போயிரும். சொல்லணுமா?" என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் சுருக்கத்தில், விற்கும் பொருளின் குறையை மறைப்பது குறித்து ஆராய்கிறார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை எடுத்துக்காட்டுகிறார். குறை வெளிப்படையானதாயின் சொல்லாதிருக்கலாம். மறைவானதும் ஆபத்தானதுமாயின் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் துணிபு. ஆனால் நம் நண்பர் விற்றவர் அல்லர்; கூலிக்கு உழைத்தவர். அதற்கும் அதே நூலில் வேறோர் இடத்தில் விடை உண்டு. தீங்கை ஈடுசெய்யும் கடமை முதலில் ஏவியவனுக்கு; அடுத்து, செய்தவனுக்கு. ஏவியவர் இங்கு ஊரை விட்டே போய்விட்டார். கூலி பெற்றதோடு வீட்டுக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான கணக்கு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமி எந்தக் கணக்கிலும் கையொப்பமிடவில்லை அன்றோ!

"சொல்லத்தான் வேண்டும் தம்பி, அதுவரை பிரிட்ஜைத் தொட வேண்டாமென்று இன்றிரவே சொல்லிவிடும்" என்றோம். சொல்வது நமக்கு எளிது, பிழைப்பு அவருடையது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் அன்றே சென்றார். வீட்டு அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கே தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாராம். இவரிடம் விடையில்லை. கம்பியையும் குழாயையும் அவர்கள் வாங்கித் தந்தார்கள். குழி தோண்டியதும் துண்டுக் கம்பிகளை அகற்றிப் புதுக்கம்பி இழுத்ததும் இவர் கூலியின்றி. மூன்று நாள் வருமானம் போயிற்று. பழைய பைப்புக்குள் புதுக்கம்பி நுழையாத இரண்டு அறைகளில் சுவரின்மேல் பட்டை அடித்துக் கொண்டுபோயிருக்கிறார். பார்வைக்கு அழகில்லைதான். அக்குடும்பத்தார் இனி அவரை வேலைக்கு அழைப்பார்களா என்பது ஐயமே. ஏவியவர் எங்கோ நலமாய் இருக்க, செய்தவர் மட்டும் செலுத்துவது நீதியா என்றால், முழு நீதி அன்று என்பதே நம் எண்ணம். அதற்காகக் காத்திருக்க நேரமிருந்ததா என்பது வேறு கேள்வி.

இவ்வளவும் எழுதிய பின் பேனாவை மூட நமக்கு மனம் வரவில்லை. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் 2009ஆம் ஆண்டு மறைக்கல்விக் கூடம் கட்டினோம். நன்கொடை எதிர்பார்த்த அளவு வரவில்லை. மின்பணிக்கான மதிப்பீட்டுத் தாளை முன்னே வைத்துக்கொண்டு, எவற்றைக் குறைக்கலாமென்று நாமே சிவப்பு மையால் கோடிட்டோம். கோடிட்ட வரிகளுள் ஒன்று 'எர்த் குழி'. அப்போது அச்சொல்லின் பொருளை நாம் கேட்கவுமில்லை. அடுத்த ஆண்டே மாற்றலாகி வந்துவிட்டோம்; கூடத்தின் திறப்புவிழாக் கல்லில் மட்டும் நம் பெயர் இருக்கிறது.

அப்பங்கின் இன்றைய தந்தையைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "கூடத்தில் எத்தனை பிளக் இருக்கும்?" என்று கேட்டார். எட்டு என்று நினைவு. தண்ணீர் மோட்டாரையும் சேர்த்தால் ஒன்பது.