தலோஜாவில் ஒரு குடில்

டிசம்பர் வந்தால் மும்பையின் முலுண்டில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுவார்கள். அங்கிருந்து ஐரோலி பாலம் தாண்டினால் நவி மும்பை. அந்தப் பக்கம்தான் தலோஜா சிறை.

2020 கிறிஸ்துமஸை அந்தச் சிறையில் கழித்தார் ஸ்டான் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே உழைத்த இயேசு சபைத் துறவி. பீமா கோரேகான் வன்முறை வழக்கில் கைதானபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைத் தூக்க முடியாது. ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

உடனிருந்த கைதிகள் அவருக்குச் சாப்பாடு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், துணி துவைத்தார்கள், முழங்கால் பிடித்துவிட்டார்கள். அவர்களில் சிலர் பரம ஏழைகள். அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி நண்பர்களுக்கு எழுதினார் சுவாமி. தன் வலியைவிட அவர்கள் வறுமைதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

சத்திரத்தில் இடமில்லாமல் பிறந்த பிள்ளை இயேசுவை முதலில் காண வந்தவர்கள் இரவில் கிடை காத்த மேய்ப்பர்கள் என்கிறது லூக்கா நற்செய்தி. அந்தப் பிள்ளைக்கு மனதார இடம் கொடுப்பது எப்படியிருக்கும் என்பதற்குத் சுவாமியைப் பராமரித்த தலோஜா கைதிகளைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

விசாரணைக் கைதியாகவே, 2021 ஜூலை 5 அன்று, பாந்த்ராவில் ஒரு மருத்துவமனையில் சுவாமி இறந்தார். இந்த டிசம்பரில் குடில் கட்டும் வீடுகள், பலகாரத் தட்டை நீட்டும்போது வாட்ச்மேனையும் குப்பை அள்ள வருபவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கட்டும்.