யார் பொருளை யார் பகிர்வது?

தனக்குப் பிடித்த ஒன்றைப் பிறருக்கும் காட்டி மகிழ வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு கூடப் பிறந்தது. நோன்புக் கஞ்சியானாலும் பெருநாள் பலகாரமானாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போன பிறகே நம் வீட்டார் வாயில் வைப்பார்கள். அந்த ஆசை இன்று கைபேசிக்குள் குடியேறியிருக்கிறது. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார்கள். ஆயினும் சேலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் நடுவயதைக் கடந்த ஒரு முஸ்லிமின் கைபேசியைத் திறந்தால், அவர்களின் பழைய மேடைக் கச்சேரி ஒன்றை யாரேனும் அனுப்பி வைத்திருப்பார்கள். ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீடுகளிலும், நெடுஞ்சாலையில் இரவு முழுதும் ஓடிய நாமக்கல் லாரிகளிலும் கேசட் தேயத் தேயக் கேட்ட குரல் அது. கேட்டவுடன் கண் கலங்குகிறது. அந்தக் கலக்கம் ஈமானால் வந்ததா, இளமையின் நினைவால் வந்ததா என்பதை அவரவர் நெஞ்சைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் படத் துணுக்குகளை அனுப்பாமல் அவர்களால் இருக்க முடியாது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவைக் காணும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிற பெரியவர்களை நான் அறிவேன். அங்கே உருவாகி 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’க்குப் பாட்டெழுதியவர்களில் ஒருவர் கவி கா.மு. ஷெரீப். சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே! சினிமாத் துணுக்கை அனுப்புவது ஆகுமா ஆகாதா என்ற வாதத்தை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுகிறேன். நான் எழுப்ப விரும்பும் வினா வேறு. மேடையில் பாடியவர் ஊரறியவே பாடினார். படம் எடுத்தவர் ஊர் பார்க்கவே எடுத்தார். கொடுத்தவர் மனமறிந்து கொடுத்த பொருள் அது. அப்படிக் கொடுக்கப்படாத ஒன்றை, நமக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எடுத்து வழங்கலாமா?

இந்த வினா எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை. என் கையாலேயே வந்தது.

1989இல் ராசிபுரத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். வீடியோ எடுப்பது அப்போது புதுமை. விளக்குப் பிடிக்கிற பையன் முன்னே நடக்க, தோளில் கேமராவுடன் ஒருவர் வீடெங்கும் சுற்றினார். பெண்கள் பகுதியில் மருதாணி இடுகிற இடத்துக்கும் அவர் போனார். ‘நம் வீட்டு டெக்கில் நாம் பார்க்கத்தானே’ என்று எவரும் தடுக்கவில்லை. பின்னணியில் ஹனீபா அவர்களின் பாட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு டெக்குகள் மறைந்தன. கேசட் பீரோவின் அடியில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதைத்தான் நான் அண்மையில் கண்டெடுத்து, ஒரு கடையில் கொடுத்துக் கைபேசிக்கு ஏற்ற வடிவில் மாற்றி வாங்கினேன்.

பார்த்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறைந்த என் அத்தா அரைக்கைச் சட்டையில் சோறு பரிமாறுகிறார்கள்! அந்த நிமிடமே நாற்பது பேர் உள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு முழுவதையும் அனுப்பிவிட்டேன். சவூதியில் இருக்கிற ஒரு பிள்ளை, தன் நன்னி நடமாடுவதை முதல் தடவையாகப் பார்த்ததாகச் சொல்லி அழுதது. அன்றைய தினம் என்னைவிட நல்லவன் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் திருச்செங்கோட்டில் தொழில் முறையில் பழக்கமான ஒருவர், “பாய், உங்க வீட்டுக் கல்யாணமாமே, பாட்டெல்லாம் அருமையா இருக்கு” என்று தம் கைபேசியை நீட்டினார். எங்கள் குடும்பத்துக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. அன்று மாலையே என் மாமி தொலைபேசியில் பேசினார்கள்.

“தம்பி, அதுல எங்கம்மா மருதாணி வச்சுக்கிட்டு முக்காடு இல்லாம உக்காந்திருக்காங்க. மௌத்தாகி பதினாறு வருஷம் ஆச்சு. வெளி ஆம்பளைங்க யாரும் அவங்க முகத்தைப் பாத்ததில்ல. மையித்தக்கூட அப்படித்தான் மூடிக் கொண்டுபோனோம். இப்ப யார் யாரோ பாக்குறாங்களாமே?”

கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவர்கள் அழவும் இல்லை, கேட்டார்கள், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு வாதம் தயாராக இருந்தது. தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் உண்மையான ஈமான் கொண்டவராக மாட்டார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை அல்லவா? புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. அதைத்தானே செய்தேன்? ஆனால் அதே அளவுகோலை மாமியின் பக்கம் திருப்பிப் பிடித்தபோது என் வாய் அடைத்துப்போனது. என் தாயின் முகம் அந்நியர் கையில் உலவுவதை நான் விரும்புவேனா?

பிறர் இல்லங்களில் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்காமல் நுழையாதீர்கள் என்று திருமறை ‘அந்நூர்’ அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறது. அதன் நோக்கத்தை விளக்கும் சம்பவம் ஒன்றை ஸஹ்ல் பின் ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்துவிட்டார். தலை கோதும் சீப்பைக் கையில் வைத்திருந்த பெருமானார், நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் உம் கண்ணைக் குத்தியிருப்பேன் என்னும் கருத்தில் கடிந்துகொண்டு, அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் பொருட்டுத்தான் என்று தெளிவுபடுத்தினார்கள். கருணையே வடிவானவர்கள் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! காலை வைத்து நுழைவதைவிடக் கண்ணை வைத்து நுழைவதுதான் அங்கே குற்றம். எட்டிப் பார்த்தவராவது ஒரே ஒருவர். நானோ ஒரு வீட்டின் உள்அறையில் துவாரமிட்டு, அந்தத் துவாரத்தை ஊர் ஊராக அனுப்பி வைத்திருக்கிறேன்.

‘கேமராக்காரர் உள்ளே வந்தபோதே அனுமதித்துவிட்டார்களே’ என்று சிலர் கேட்டார்கள். சபைகள் அமானிதத்துக்குரியவை என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு சபையில் உட்கார அனுமதித்தவர் அந்தச் சபையைச் சந்தைக்குக் கொண்டுபோக அனுமதித்தவர் ஆகமாட்டார். 1989இல் மருதாணி இட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, உலகத்தார் சட்டைப் பையில் எல்லாம் ஒரு திரை வரப்போகிறது என்று கனவிலும் கண்டிருப்பாரா? அறியாத ஒன்றுக்கு எப்படிச் சம்மதம் தரமுடியும்?

குழுவிலிருந்து நீக்கினேன். மற்றவர்களையும் நீக்கச் சொன்னேன். ஆனால் திருச்செங்கோட்டுக்குப் போனதை எப்படித் திருப்பி அழைப்பது? தவ்பா செய்யலாம் என்றால், இது அல்லாஹ்வின் ஹக்கு மட்டும் அல்லவே! சகோதரனின் மானத்தில் குறை வைத்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே அவரிடம் விடுதலை பெற்றுக்கொள்ளட்டும் என்ற கருத்தில் புகாரியில் நபிமொழி இருக்கிறது. கப்ருக்குப் போய்விட்டவரிடம் எவ்வாறு பெறுவது? புறம்பேசப்பட்டவர் இறந்துவிட்டிருந்தால் அவருக்காக அதிகம் பாவமன்னிப்புத் தேடவும் நற்செயல்களைப் பெருக்கவும் வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் எழுதுகிறார்கள். அதைப் பற்றிக்கொண்டு அந்த அம்மையாருக்காக துஆச் செய்துவருகிறேன். போதுமா என்பது மறுமையில்தான் தெரியும்.

சவூதிப் பிள்ளையின் கண்ணீரும் என்னை உறுத்தியது. அந்தப் பேத்திக்கு அந்த முகத்தைக் காணும் உரிமை இல்லையா? உண்டு. அதனால் கேசட்டை அழிக்க மனம் வரவில்லை. அது விடுமுறையில் வந்தபோது, குடும்பத்துப் பெண்களை மட்டும் எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். மாமி வருவார்களோ என்ற ஐயத்துடனே இருந்தேன், வந்தார்கள். படத்தை ஓடவிட்டு, நான் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே முதலில் ஹனீபா அவர்களின் குரல், பிறகு சிரிப்பு, பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

“அந்த இடத்தை இன்னொரு தடவை போடு புள்ள” என்று மாமி சொன்னது கேட்டது.